குண்டைப் பார்த்துக் குழல்

குண்டைப் பார்த்துக் குழல் செய்கிற விஷயம் அவ்வளவு சிக்கலானதில்லை. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ போட்டிக்குச் சுடுகிற ஒருவர் துப்பாக்கிப் பட்டறைக்குப் போய், தன் ரைஃபிளுக்குப் புதுக் குழல் போட்டுத் தரச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விவரம் தெரிந்த பட்டறைக்காரர் எந்தக் குண்டு போட்டுச் சுடப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். தோட்டா எது என்று சொன்னால் போதாதா என்று நமக்குத் தோன்றும். போதாது. .308 வின்செஸ்டர் என்ற ஒரே தோட்டாவில் 110 கிரெய்ன் குண்டும் வைக்கலாம், 200 கிரெய்னைத் தாண்டிய குண்டும் வைக்கலாம். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. நம் கணக்கில் 155 கிரெய்ன் என்பது சுமார் 10 கிராம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் குண்டுகள் அத்தனைக்கும் விட்டம் ஒன்றுதான்: 0.308 அங்குலம், அதாவது 7.82 மில்லிமீட்டர். பெரும்பாலானவற்றில் உள்ளே ஈயம், மேலே செம்புக் கலவை உறை. விட்டத்திலும் கைவைக்க முடியாது, பொருளும் மாறாது என்றால் எடையை எங்கே கூட்டுவது? நீளத்தில்தான். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது எடை. குழலுக்குத் தெரிவது நீளம் மட்டும்தான். இனிச் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பவை.

குழலின் பின்முனை வழியாக உள்ளே போய்ப் பார்ப்போம். முதலில் தோட்டாவின் பித்தளைக் கூடு உட்காரும் அறை. இதுதான் சேம்பர். கூட்டின் உடம்பு, தோள், கழுத்து மூன்றின் வடிவமும் அதில் அப்படியே குடையப்பட்டிருக்கும். கழுத்துக்கு அப்பால் குண்டின் முன்பகுதி நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? அது தங்கும் இடம் தொண்டை. தொண்டையில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது ஃப்ரீபோர் எனப்படும் நேர் உருளை. அதில் புரி, அதாவது குழலின் உட்சுவரில் திருகாக ஓடும் மேடு பள்ளம், கிடையாது. குண்டைவிட மயிரிழை அகலமாக இருக்கும். போட்டித் துப்பாக்கிகளில் 0.308 அங்குலக் குண்டுக்கு 0.3085 அங்குலம் என்று வைப்பது வழக்கம். இரண்டாவது, சரிவு. புரியின் மேடுகள் இங்கேதான் மெல்லத் தலைதூக்கும். சரிவு ஒன்றரை டிகிரி என்பது பரவலாகப் புழங்கும் அளவு. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர்தான் என்றாலும், ஒன்றரை டிகிரியில் அந்த உயரத்தை எட்ட 4 மில்லிமீட்டர் நீளம் பிடிக்கும். அங்கிருந்து குழலின் வாய்வரை முழுப் புரி.

இந்த வகைத் துப்பாக்கியை 7.62 என்கிறார்களே, அது எதிரெதிர் மேடுகளுக்கு இடையே உள்ள அளவு. பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளந்தால் 7.82 வரும். குண்டும் அதே 7.82. ஆகவே குண்டு முன்னேற வேண்டுமென்றால் மேடுகள் அதன் உறையில் பதிந்தே தீர வேண்டும். அந்தப் பதிவுதான் குண்டைச் சுழற்றுகிறது. குண்டு நேராகப் போய்ப் புரியில் ஏறுகிறதா, சாய்ந்து ஏறுகிறதா என்பது தொண்டையில் தீர்மானமாகிறது. அதற்கு மேல் குழல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், சாய்ந்து ஏறிய குண்டை அது நிமிர்த்தாது.

ஆக, குண்டின் நீளத்தைப் பொறுத்து எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. ஒன்று, புரியின் முறுக்கு, அதாவது எத்தனை அங்குலத்துக்கு அது ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பது. குழலை வாங்கும்போதே முடிவாகிவிடும், பிறகு மாற்ற வழியில்லை. மற்றது தொண்டையின் நீளம். அது பட்டறையில் முடிவாகிறது. முதலில் முறுக்கு.

பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலும்வரை நிற்கும், வேகம் குறைந்தால் தலையாட்டத் தொடங்கும். உயரமான பம்பரத்தை நிறுத்த இன்னும் வேகமான சுழற்சி வேண்டும். கூர்மூக்குக் குண்டில் எடையின் மையம் பின்பக்கம் இருக்கிறது. காற்றின் அழுத்தம் முன்பக்கம் விழுகிறது. சும்மா விட்டால் காற்று அதைக் குப்புறப் புரட்டிவிடும். சுழற்சிதான் அதைத் தடுக்கிறது. குண்டு நீள நீளக் காற்றின் பிடி கூடும், சுழற்சியும் கூட வேண்டும்.

எவ்வளவு கூட வேண்டும் என்பதற்கு 1879-இல் ஒரு சூத்திரம் வந்தது. வூல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆல்ஃப்ரெட் ஜார்ஜ் கிரீன்ஹில் தந்தது. 150-ஐக் குண்டின் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள், குண்டின் நீளத்தால் வகுங்கள். எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது விடை. 0.308 அங்குல விட்டமும் 1.2 அங்குல நீளமும் உள்ள குண்டுக்குப் போட்டுப் பார்த்தால் 11.9 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதே விட்டத்தில் நீளம் 1.5 அங்குலமானால் 9.5. வினாடிக்கு 2,800 அடியைத் தாண்டும் குண்டுகளுக்கு 150-க்குப் பதில் 180 போடுவது பின்னாளில் வந்த வழக்கம். அப்போது விடைகள் 14.2, 11.4 என்று தளரும். இன்று இதைவிட நுட்பமான கணக்குகள் உண்டு. ஆனால் கிரீன்ஹில்லின் சூத்திரத்தில் எடை என்ற ஒன்றே வரவில்லை என்பதைப் பாருங்கள். விட்டமும் நீளமும் போதுமாக இருந்தன.

சூத்திரம் வருமுன்பே கைவேலையில் இதைக் கண்டவர் ஜோசப் விட்வொர்த். நம் ஊர்ப் பட்டறைகளில் பி.எஸ்.டபிள்யூ. என்று போல்ட்டுக்கும் நட்டுக்கும் சொல்கிறார்களே, அதில் உள்ள டபிள்யூ இவர்தான். திருகின் புரிக்கு 1841-இல் ஒரே அளவுமுறை வகுத்தவர். 1850-களில் பிரிட்டிஷ் ராணுவத்திடம் இருந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் விட்டம் 0.577 அங்குலம், முறுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வொர்த் விட்டத்தை 0.451 ஆகச் சுருக்கிக் குண்டை நீட்டினார். முறுக்கை 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இறுக்கினார். குழலின் உள்ளே அறுகோண வடிவம். 1857-இல் நடந்த சோதனைகளில் அது என்ஃபீல்டை வெகுவாக மிஞ்சியது. விலை அதிகம், கரிமருந்தின் கசடு சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது என்று ராணுவம் அதை ஏற்கவில்லை. ஆனால் 1860 ஜூலையில் பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் விம்பிள்டனில் முதல் போட்டியைத் தொடங்கியபோது, விக்டோரியா மகாராணி தாங்கியில் பொருத்திய ஒரு விட்வொர்த் துப்பாக்கியிலிருந்துதான் 400 கஜ தூரத்து இலக்கை நோக்கி முதல் குண்டைச் சுட்டார்.

அப்படியானால் எல்லாக் குழலுக்கும் இறுக்கமான முறுக்கு வைத்துவிட்டால் என்ன? நியாயமான கேள்வி. தாராளமாகச் செய்யலாம், ஆனால் விலை உண்டு. வினாடிக்கு 2,950 அடி வேகத்தில் 13 அங்குல முறுக்குக் குழலை விட்டு வெளிவரும் குண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,63,000 சுற்றுச் சுழல்கிறது. எந்தக் குண்டிலும் எடை துல்லியமாக நடுவில் இருப்பதில்லை. இம்மியளவு விலகல் இருந்தாலும், வாயை விட்டு வந்தவுடன் அது குண்டைப் பக்கவாட்டில் தள்ளும். சுழற்சி கூடக் கூடத் தள்ளலும் கூடும். உறை மெல்லியதாக இருந்தால் குண்டு நடுவானிலேயே பிய்ந்துபோவதும் உண்டு. அதனால்தான் 6 மில்லிமீட்டர் பிபிசி தோட்டாவில் 65, 68 கிரெய்ன் சிறு குண்டுகளைச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசைமேல் தாங்கவைத்துச் சுடுவது) போட்டியாளர்கள் 13.5, 14 அங்குலம் என்று தளர்ந்த முறுக்கையே தேடிப் போகிறார்கள். தேவைக்குச் சற்று மேலே, அதற்கு மேல் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு.

தேவைக்கு மிக அருகில் நின்றாலும் ஆபத்துதான். ஏஆர்-15 துப்பாக்கி முதலில் 14 அங்குல முறுக்கோடு வந்தது. 55 கிரெய்ன் குண்டுக்குச் சாதாரண வெயிலில் அது போதும். கடுங்குளிரில் காற்று அடர்த்தியாகிறது, அடர்ந்த காற்று குண்டை அதிகமாகப் புரட்டப் பார்க்கிறது. குளிர்ச் சோதனையில் குண்டுகள் தள்ளாடின. 1963-இல் முறுக்கை 12 ஆக இறுக்கினார்கள்.

முறுக்கில் எடுத்த தவறான முடிவு ஒரு தோட்டாவையே வீழ்த்திய கதையும் உண்டு. 1955-இல் அமெரிக்காவில் இரண்டு நிறுவனங்கள் 0.243 அங்குல விட்டக் குண்டுக்குத் தோட்டா கொண்டுவந்தன. வின்செஸ்டர் தன்னுடையதை .243 வின்செஸ்டர் என்றது. முறுக்கு 10 அங்குலம். மான் வேட்டைக்கான 100 கிரெய்ன் குண்டும் போடலாம், சிறு பிராணிகளுக்கான 80 கிரெய்னும் போடலாம். ரெமிங்டன் தன்னுடையதை .244 ரெமிங்டன் என்றது. வயல்வெளியில் வளை தோண்டும் பிராணிகளைத் தூரத்திலிருந்து சுடுகிறவர்களை மனதில் வைத்து, 75, 90 கிரெய்ன் குண்டுகளுக்காக 12 அங்குல முறுக்கு வைத்தது. மருந்து கொள்ளும் அளவில் .244-தான் ஒரு படி மேல். ஆனால் வாங்க வந்தவர் 100 கிரெய்ன் குண்டு நம்பகமாகப் போகுமா என்று கேட்டார். திடமான பதில் இல்லை. ஒரே துப்பாக்கியில் இரண்டு வேலையும் ஆக வேண்டும் என்பவர்கள் .243 பக்கம் போய்விட்டார்கள். ரெமிங்டன் பிறகு முறுக்கை 9 அங்குலமாக இறுக்கியது, 1963-இல் பெயரையும் 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்று மாற்றியது. பித்தளைக் கூட்டில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் இழந்த சந்தை திரும்பவில்லை. அந்தத் தோட்டாவில் குறை சொல்ல ஏதுமில்லை. எந்தக் குண்டுக்கு என்ற தேர்வுதான் பிசகியது.

முறுக்கு முடிந்தது. இனித் தொண்டை. முறுக்குக்காவது சூத்திரம் இருக்கிறது. தொண்டையில் மூன்று ஆசைகளை ஒரே நேரத்தில் நிறைவேற்ற வேண்டியிருக்கிறது.

முதல் ஆசை: தோட்டா சேம்பரில் உட்கார்ந்திருக்கும்போது, குண்டின் மூக்கு வளைவு முழு விட்டத்தை எட்டும் இடம் புரியின் தொடக்கத்துக்கு அருகில் இருக்க வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தால் குண்டு சாய்வதற்குள் புரியில் பிடிபட்டுவிடும். இரண்டாம் ஆசை: குண்டின் உருளைப் பகுதி பித்தளைக் கழுத்துக்குள் போதிய அளவு பிடிபட்டிருக்க வேண்டும். குண்டின் விட்டம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு ஆழமாவது கழுத்துக்குள் இருக்கட்டும் என்பது பழைய கைக்கணக்கு. .308 வின்செஸ்டரின் கழுத்து நீளமே 7.7 மில்லிமீட்டர்தான், ஆக முழுக் கழுத்தும் வேலை செய்தாக வேண்டும். மூன்றாம் ஆசை: குண்டின் உருளைப் பகுதி கழுத்து முடிந்து தோள் தொடங்கும் இடத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. பலமுறை சுட்ட கூடுகளில் அந்த மூலையில் பித்தளை தடித்து ஒரு வளையம் உருவாகிவிடும். குண்டு அதில் மாட்டினால் ஒவ்வொரு தோட்டாவிலும் பிடிமானம் ஒவ்வொரு விதமாகும். மேலும், இறங்கிய குண்டு மருந்துக்கான இடத்தைத் தின்கிறது.

குட்டைக் குண்டுக்கு வெட்டிய தொண்டையில் நீளக் குண்டைப் போட்டால் என்ன ஆகும்? ஃப்ரீபோர் குட்டை. முன்னால் இடமில்லாததால் குண்டைக் கூட்டுக்குள் ஆழமாக அழுத்த வேண்டியிருக்கும். மருந்துக்கான இடம் குறையும், அதே அளவு மருந்துக்கு அழுத்தம் ஏறும். ஆழம் போக மனமில்லாமல் நீளமாகவே விட்டால், சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை மூடும்போது குண்டு புரியில் இறுகிக்கொள்ளும். அப்போது அழுத்தத்தின் உச்சம் இன்னும் எகிறும். சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கப் பார்த்தால் குண்டு தொண்டையிலேயே தங்கிவிடும். கூடு மட்டும் வரும், மருந்தெல்லாம் துப்பாக்கிக்குள் கொட்டும். போட்டி நடுவில் இதைவிடத் தலைவலி வேறில்லை.

திருப்பிப் போடுங்கள். நீளக் குண்டுக்கு வெட்டிய தொண்டையில் குட்டைக் குண்டு. புரியைத் தொடும் அளவுக்கு வெளியே இழுத்து வைத்தால் கழுத்துக்குள் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. சரியாகப் பிடிக்க வைத்தால் புரி எட்டாத் தூரத்தில் இருக்கும். குண்டு கழுத்தை விட்டுக் கிளம்பி, எதுவும் தாங்காத வெற்றிடத்தைத் தாண்டிப் போய்ப் புரியில் மோதும். அந்த இடைவெளியில் சாய வாய்ப்பு உண்டு. ஸ்பெயின் 1893-இல் ஏற்ற 7×57 மவுசர் இதற்கு நல்ல உதாரணம். அதன் முதல் குண்டு 173 கிரெய்ன் எடையுள்ள நீண்ட மொட்டை மூக்குக் குண்டு. தொண்டையும் அதற்கேற்ப நீளம். பிறகு 140 கிரெய்ன் கூர்மூக்குக் குண்டுகள் வந்தபோது, பழைய குழல்களில் அவை வெகுதூரம் தாவித்தான் புரியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

தாவல் என்றாலே கெடுதல் என்று நினைத்துவிட வேண்டாம். கலிபோர்னியாவில் 1940-களில் அதிவேகத் தோட்டாக்களைக் கொண்டுவந்த ராய் வெதர்பி நீண்ட ஃப்ரீபோரை வேண்டுமென்றே வைத்தார். குண்டு புரியில் ஏறுமுன் கொஞ்சம் ஓடிவிடுகிறது, வாயுவுக்கு விரிய இடம் கிடைக்கிறது, அழுத்தத்தின் உச்சம் தணிகிறது, மருந்தைச் சற்றுக் கூட்டி வேகத்தை ஏற்றலாம். அவருக்கு வேகம் வேண்டியிருந்தது, தொண்டையும் அதற்கேற்றது. இலக்குப் போட்டிக்காரருக்கு வேண்டியது வேறு.

குண்டின் மூக்கு வடிவமும் இதில் புகுந்துகொள்கிறது. மூக்கின் வளைவு உருளையோடு இழைந்து சேரும் வகைக் குண்டு தாவலைப் பொறுத்துக்கொள்ளும். சிறு கோணத்தோடு சட்டென்று சேரும் கூர்வகைக் குண்டு காற்றை நன்றாகக் கிழிக்கும், ஆனால் தாவலின் அளவில் பிடிவாதம் உள்ளது. இரண்டையும் கலந்த வடிவமும் இன்று உண்டு. அதனால் ஒரே எடையில் இரண்டு நிறுவனங்கள் செய்யும் குண்டுகளுக்கு ஒரே தொண்டை பொருந்தும் என்று நம்ப முடியாது. எடை சொல்வது போதாமல், எந்த நிறுவனத்தின் எந்தக் குண்டு என்று பட்டறைக்காரர் துருவுவதற்குக் காரணம் இதுதான்.

தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மாகசீனின் நீளம் இன்னொரு கடிவாளம். .308 தோட்டாவின் மொத்த நீளத்துக்கு அமெரிக்கத் தர அளவு 2.810 அங்குலம். .223 ரெமிங்டனுக்கு 2.260 அங்குலம். இதற்குமேல் நீண்டால் தோட்டா மாகசீனில் இறங்காது. அமெரிக்காவின் சர்வீஸ் ரைஃபிள் போட்டியில் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டார்கள். வேகமாகச் சுட வேண்டிய குறுகிய தூரங்களில் மாகசீனுக்குள் அடங்கும் 77 கிரெய்ன் குண்டு. நிதானமாகச் சுடும் 600 கஜத்தில் 80 கிரெய்ன் குண்டை நீளமாக வைத்து, ஒவ்வொன்றாகக் கையால் சேம்பரில் இடுவது. இரண்டுக்கும் இடம்கொடுக்கும் தொண்டையாக பில் வைல்ட் வகுத்ததுதான் வைல்ட் சேம்பர் என்று பெயர் பெற்றது.

இப்போது மூன்று ஆசைகளையும் ஒரு மைதானத்தில் வைத்துப் பார்ப்போம். பால்மா என்ற நெடுந்தூரப் போட்டி 1876-இல் நியூயார்க் அருகே லாங் தீவில் உள்ள கிரீட்மூர் மைதானத்தில் தொடங்கியது. தூரங்கள் 800, 900, 1,000 கஜம். இன்று .308-இல் சுடுகிறவரின் குண்டு 156 கிரெய்னுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே எல்லோரும் 155 கிரெய்னில் நிற்கிறார்கள். குண்டை விதியே தேர்ந்தெடுத்துவிட்டதால் மற்றவை தாமாக விழுகின்றன. முறுக்கு பெரும்பாலும் 13 அங்குலம். 1,000 கஜம் போய்ச் சேரும்வரை குண்டு ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடக் கூடாது என்பதால் 30 அங்குலக் குழல். தொண்டை அந்த 155 கிரெய்ன் குண்டுக்கே அளந்தது.

பக்கத்திலேயே எஃப்-டிஆர் என்று இன்னொரு பிரிவு. கனடாவின் ஜார்ஜ் ஃபர்க்கர்சன் தொடங்கிய எஃப்-கிளாஸ் போட்டியின் கிளை. எஃப் என்ற எழுத்து அவர் பெயரிலிருந்து வந்தது. இங்கும் .308 அல்லது .223 தோட்டாதான். முன்கால் தாங்கி வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கியின் மொத்த எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆனால் குண்டின் எடைக்கு வரம்பில்லை. சுடுகிறவர்கள் 155-லிருந்து 185, 200 கிரெய்ன் என்று ஏறி, அதற்கு மேலும் போனார்கள். கனத்த குண்டு மெதுவாகக் கிளம்பும், ஆனால் காற்றுக்கு அசைந்துகொடுப்பது குறைவு. முறுக்கு 10, 11 அங்குலமாக இறுகியது, தொண்டை நீண்டது. ஒரே தோட்டா, ஒரே மைதானம், ஒரே 1,000 கஜம். ஆனாலும் ஒருவர் குழலை மற்றவர் துப்பாக்கியில் மாட்டினால் இருவருக்கும் பிரயோசனமில்லை.

இனிப் பட்டறை. இந்தியாவில் துப்பாக்கி செய்வதற்கும் பழுது பார்ப்பதற்கும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். நான் சொல்வது உரிமத்தோடு இந்தத் தொழில் நடக்கும் இடங்களைப் பற்றி. வேலை லேத்தில் தொடங்குமுன்பே ஒரு முக்கியமான காரியம் நடக்கிறது. சுடுகிறவர் தான் போடப்போகும் கூட்டில், போடப்போகும் குண்டை, தான் விரும்பும் ஆழத்துக்கு வைத்து, மருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்று செய்து தருகிறார். மூன்று ஆசைகளும் அந்த ஒரு துண்டில் அடங்கியிருக்கும். சேம்பரைக் குடையும் ரீமரைச் சாணைபிடித்துச் செய்பவரிடம் அது போகும். அவர் அதை அளந்து ஃப்ரீபோரின் நீளம், விட்டம், சரிவின் கோணம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து, ரீமரைச் செய்து தருவார்.

லேத்தில் பொருத்தியதும் முதல் தொல்லை: குழலின் துளை நேராக இருக்காது. நீளமான துளையைத் துரப்பணம் போடும்போது மெல்ல விலகுவது இயல்பு. வெளிப்பக்கத்தை வைத்துச் சக்கில் பிடித்தால் சேம்பர் ஒரு கோட்டிலும் துளை ஒரு கோட்டிலும் நிற்கும். அதனால் துளைக்குள்ளேயே டயல் இண்டிகேட்டரின் முனையை விட்டு, தொண்டை வரப்போகும் இடம் முள் அசையாமல் ஓடும்வரை நேர்செய்வார்கள். பிறகு பின்முனையில் மரை வெட்டி, சேம்பரை ரீமரால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைவார்கள். ரீமரின் நுனியில் உள்ள பைலட் புரியின் மேடுகளைத் தடவியபடி வழிகாட்டும். எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சீவல் சிக்கினாலும் சேம்பரில் கோடு விழும். எவ்வளவு ஆழம் என்பதைக் கேஜ் சொல்லும். .308-க்கு "கோ" கேஜ் 1.630 அங்குலம், "நோ-கோ" கேஜ் 1.634. முதலாவதன் மேல் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதன் மேல் மூடக் கூடாது. இடையே 0.1 மில்லிமீட்டர்தான்.

தொண்டையையும் சேர்த்து ஒரே ரீமரில் வெட்டலாம். சேம்பரும் தொண்டையும் ஒரே அச்சில் அமையும் என்பது அதன் பலம். ஆனால் அந்த ரீமர் ஒரு குண்டுக்கே. இன்னொரு வழி, குட்டைத் தொண்டையோடு சேம்பரைக் குடைந்துவிட்டு, தொண்டைக்கென்றே உள்ள தனி ரீமரால் தேவையான அளவு நீட்டுவது. வேறுவேறு குண்டு கேட்டு வருகிறவர்களுக்கு ஒரே சேம்பர் ரீமர் போதும் என்பது இதன் வசதி. இரண்டாவது வெட்டு முதலாவதன் அச்சை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இதன் சிரமம். எந்த வழியானாலும் ஒரு விதி மாறாது: தொண்டையை நீட்டலாம், குறைக்க முடியாது.

நீட்டும் வேலையைச் சுடுவதும் செய்கிறது என்பதுதான் கடைசிப் பாடம். மருந்து எரியும் உச்ச வெப்பமும் அழுத்தமும் முதலில் தாக்குவது தொண்டையைத்தான். எஃகின் மேற்பரப்பு வெந்து பாளம் பாளமாக வெடிக்கும். புரியின் தொடக்கம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரும். சிறிய துளை வழியாக நிறைய மருந்தை எரிக்கும் தோட்டாக்களில் இது வேகம், 6.5-284 குழலை ஆயிரம், ஆயிரத்து ஐநூறு குண்டுகளில் மாற்றிவிடுகிறார்கள். .308 பல ஆயிரம் தாங்கும். குண்டுக்கும் புரிக்கும் உள்ள இடைவெளியை அவ்வப்போது அளந்து, குண்டைக் கூட்டிலிருந்து சற்று வெளியே வைத்து ஈடுகட்டுவார்கள். அதற்கும் கழுத்தின் நீளம்வரைதான் எல்லை. இதனால்தான் அனுபவப்பட்ட பட்டறைக்காரர் தொண்டையைக் கணக்கின்படி வரும் நீளத்தைவிட ஒரு துளி குட்டையாக வைக்கிறார். குண்டு முதலில் கழுத்தில் சற்று ஆழமாக உட்காரும். தொண்டை தேயத் தேய வெளியே வரும். குழலின் நல்ல காலம் முழுவதும் மூன்று ஆசைகளுக்கும் இடம் இருக்கும்.

எல்லை தாண்டியதும் குழலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பின்முனையில் ஓர் அங்குலம்போல வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக மரை வெட்டி, அதே ரீமரால் மறுபடி சேம்பர் குடையலாம். குழல் அவ்வளவு குட்டையாகும், வேகமும் சிறிது குறையும். அந்த நாளுக்காகத்தான் பட்டறைக்காரர்கள் மாதிரித் தோட்டாவைக் குழலின் எண் எழுதிய உறையில் போட்டு வைத்திருப்பார்கள். இடைப்பட்ட காலத்தில் சுடுகிறவர் வேறு குண்டுக்கு மாறியிருந்தால் உறையில் இருப்பது உதவாது. புது மாதிரித் தோட்டா செய்து, புதிதாக அளந்துவிட்டுத்தான் லேத்தை ஓட்ட வேண்டும். புதுக் குண்டு பழையதைவிட வெகு நீளமாக இருந்தால், வேலைக்குக் கை வைக்குமுன் அதற்கு இந்தக் குழலின் முறுக்கு போதுமா என்று கிரீன்ஹில் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. போதவில்லை என்று வந்தால் வெட்டுக்கூலி மிச்சம். அந்தப் பணத்தைப் புதுக் குழலில் போடலாம்.